மேசைத் தொலைபேசியும் குரலின் காலக்கணக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவிற்குள் வரும் வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை, சீனன்குடாவிலுள்ள மா ஆலைக்கு வேண்டிய கோதுமையையோ, அங்குள்ள சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய கிளிங்கரையோ, பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்களுக்குச் சேரவேண்டிய எரிபொருளையோ சுமந்து வருபவை. அவை நங்கூரமிடுவதற்குப் பல நாள் முன்பு தொடங்கி, மீண்டும் துறைமுக வாயைக் கடந்து வெளியேறும் வரையில், அவற்றின் பொருட்டு ஓயாது பேசிக்கொண்டிருப்பவை கரையிலுள்ள சிறு கந்தோர்களே. கப்பல் முகவர், சுங்கத் தரகர், சரக்கை அளந்து சான்று தருபவர், கப்பலுக்கு மரக்கறியும் குடிநீரும் ஏற்றிவிடுபவர் என்று இவர்களுடைய தொழில்கள் பலவாயினும், நால்வரோ ஐவரோ அமர்ந்து வேலை செய்யும் அக்கந்தோர்களின் மூலதனம் பெரும்பாலும் பேச்சே ஆகும். சிங்கப்பூரிலுள்ள கப்பற் சொந்தக்காரரோடு ஆங்கிலத்திலும், கொழும்பிலுள்ள அதிகாரியோடு சிங்களத்திலும், வாசலில் காத்து நிற்கும் லொறிக்காரரோடு தமிழிலும் ஒரே முற்பகலில் பேசி முடிக்கவேண்டியவர்களுக்கு, மேசைமேல் இருக்கும் தொலைபேசியின் குணாகுணம் அற்ப விஷயமன்று.

கடற்பிரயாணத்தை நெறிப்படுத்தும் சர்வதேச ஸ்தாபனத்தின் ஏற்பாட்டின்படி, பெரிய வணிகக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஏழிலக்க எண் ஒன்று உண்டு. அதன் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கமே ஏழாம் இலக்கமாக அமைந்திருக்கும். ஆதலால் தொலைபேசியில் ஓரிலக்கம் பிழையாகக் கேட்டிருப்பின், பல வேளைகளில் தாளில் கணக்குப் போட்டே அதனைக் கண்டுபிடித்துவிடலாம். கப்பலின் பெயருக்கும் மாலுமியின் பெயருக்கும் இத்தகைய காவல் எதுவும் கிடையாது. அவற்றைக் காக்கவேண்டியது காது ஒன்றே. அந்தக் காதிற்கு எட்டுமுன் குரல் எத்தனை உருமாற்றங்களைப் பெறுகிறது என்பதை அறிந்துகொண்டவருக்கு, எந்தத் தொலைபேசியை வாங்குவது என்ற கேள்வி தானாகவே பாதி தெளிந்துவிடும். திரை எவ்வளவு பெரிது, பொத்தான் எத்தனை, விலை என்ன என்று விசாரிப்பது தவறன்று. ஆயினும் அவை முடிவில் கேட்கவேண்டிய கேள்விகள். இணையத் தொலைபேசிக்கு முதன்மையாக வேண்டுவது நேரந்தவறாமை. வேகங்கூட அதற்கு அடுத்தபடியே.

மனிதக் குரல் காற்றில் எழுப்பும் அதிர்வுகள், ஏறத்தாழ 80 ஹேர்ட்ஸ் தொடங்கிப் பத்தாயிரம் ஹேர்ட்ஸுக்கு அப்பாலும் பரந்து கிடப்பவை. அவ்வளவையும் கம்பி வழியே அனுப்புவது வீண் செலவென்று கருதிய பழைய பொறியியலாளர்கள், 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதி ஒன்றே பொருள் விளங்கப் போதுமென நிர்ணயித்து, எஞ்சியதை வெட்டி எறிந்தனர். 1937இல் பாரிஸ் ஆய்வுகூடம் ஒன்றில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர், குரலின் அலையை அலையாகவே அனுப்பாமல், அதன் உயரத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து, அளவுகளை எண்களாக மாற்றி அனுப்பலாம் என்னும் அரிய எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தார். வெற்றிடக் குழாய்களே இருந்த அக்காலத்தில் அதனைச் செயலாக்குவது மிகுந்த செலவுபிடித்த காரியமாகையால், கால் நூற்றாண்டு கழித்து, 1962இல் அமெரிக்காவிலேயே அது பெருவாரியான பிரயோகத்துக்கு வந்தது. செக்கனுக்கு 8,000 முறை அளப்பது, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டுகளில் எழுதுவது, ஆகச் செக்கனுக்கு 64,000 பிட்டுகள் என்னும் அந்தக் கணக்கே, ஜி.711 என்ற பெயரோடு 1972இல் சர்வதேசப் பிரமாணமாயிற்று. இன்றும் மேசைத் தொலைபேசிகள் யாவும் அதனை அறிந்தே பிறக்கின்றன.

வெட்டி எறியப்பட்ட பகுதியில் போனது என்ன? ஸகர ஒலியின் வலிமை பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலேயே கிடப்பதால், குறுகிய பட்டையில் அதற்கும் ஃபகர ஒலிக்கும் வேறுபாடு ஏறக்குறைய அழிந்துபோகிறது. ஆங்கில எழுத்துக்களான எஃப்பும் எஸ்ஸும் தொலைபேசியில் ஒன்றுபோல் ஒலிப்பதன் காரணம் இதுவே. தமிழின் ழகரத்துக்கு இந்த ஆபத்துக் குறைவு. வாயறையின் மூன்றாம் ஒத்ததிர்வு கீழே இறங்குவதே அவ்வொலியின் அடையாளம். அந்த இறக்கம் 3,400 என்ற வேலிக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. அயல்நாட்டுப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்புவிக்க வேண்டிய கப்பற் கந்தோருக்கோ ஸகரம் தேவைப்படுகிறது. அதற்கு உதவுவது, 7,000 ஹேர்ட்ஸ் வரை இடமளிக்கும், 1988இல் வகுக்கப்பட்ட ஜி.722 என்னும் முறை. விசேஷம் என்னவெனில், இரண்டு மடங்கு அகன்ற ஒலியைத் தரும் இம்முறைக்கும் அதே 64,000 பிட்டுகளே போதும். ஆகவே வாங்கும் தொலைபேசியில் ஜி.722 இருக்கவேண்டும், கைப்பிடியின் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் அதற்கு ஈடுகொடுப்பவையாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் வியாபாரிகள் சொல்வதில்லை: அழைப்பு பொதுத் தொலைபேசி வலையமைப்புக்குள் புகும் வேளையில், பெரும்பாலும் பழைய குறுகிய பட்டைக்கே திரும்பிவிடும். அகன்ற குரலின் இன்பம் கந்தோருக்குள் ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கும், இரு முனையிலும் இடையிலும் அம்முறையை ஏற்கும் வழிகளுக்குமே உரியது.

இனி, எண்ணாக மாறிய குரல் இணையத்தில் பயணம் செய்யும் விதத்தைக் காண்போம். தொலைபேசி, பேச்சை 20 மில்லிசெக்கன் நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஜி.711 முறையில் துண்டொன்றுக்கு 160 பைட்டுகள். அதன் நெற்றியில் முகவரி, வரிசை எண், கால முத்திரை ஆகியவற்றுக்காக இன்னும் 40 பைட்டுகள் சேர்கின்றன. செக்கனுக்கு இத்தகைய பொதிகள் ஐம்பது புறப்படுவதால், ஒரு திசைப் பேச்சுக்கு வேண்டுவது செக்கனுக்கு 80,000 பிட்டுகள். ஐந்து பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் நான்கு லட்சம் பிட்டுகளைத் தாண்டாத இந்தத் தேவை, படம் பார்ப்பதற்கென்று விற்கப்படும் இன்றைய இணைப்புகளின் முன் தூசுக்குச் சமானம். அவ்வாறாயின், வேகமான இணைப்பு வைத்திருக்கும் கந்தோர்களிலும் குரல் விக்கி விக்கி வருவதேன்?

மேலே செல்லும் பாதை குறுகலாயிருப்பதே பெரும்பாலும் காரணம். செப்புக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல் இணைப்பில், கீழிறங்கும் வேகம் எவ்வளவு பெரிதாயினும், மேலேறும் வேகம் செக்கனுக்குப் பத்து லட்சம் பிட்டுகள் அளவிலேயே நிற்பது வழக்கம். 1,500 பைட்டுகள் கொண்ட ஒரு பெரிய பொதி அப்பாதையில் ஏறி முடிய 12 மில்லிசெக்கன் ஆகும். பக்கத்து மேசைக்காரர், நகலெடுத்த சரக்குப் பத்திரங்களை ஐந்து மெகாபைட் இணைப்பாக மின்னஞ்சலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது செக்கன் நேரம் அந்தப் பாதை அவருக்கே சொந்தமாகிவிடுகிறது. ரவுட்டரின் வாசலில் அவருடைய பெரிய பொதிகள் நூறு வரிசையில் நிற்க, தொலைபேசியில் பேசுபவருடைய சிறிய குரற்பொதி நூற்றோராவதாக வந்து நின்றால், அதன் முறை வருவதற்கு ஒன்றேகால் செக்கன் வரை கழிந்துவிடும். சம்பாஷணையில் அது ஒரு யுகம். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் அடங்கினால் மனிதர் அதனைப் பொருட்படுத்துவதில்லை என்றும், 400ஐக் கடந்தால் பேச்சு ஏற்கத்தக்கதாக இராது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. தாமதம் மிகுந்தால் இருவரும் ஒரே கணத்தில் பேசத் தொடங்கி, ஒரே கணத்தில் நிறுத்தி, 'சொல்லுங்கள்' என்று ஒருவருக்கொருவர் இடங்கொடுப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும்.

தூரத்தின்மேல் பழிபோடுவதற்கு நியாயமில்லை. ஒளியிழையில் வெளிச்சம் செக்கனுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத் தரைவழி 260 கிலோமீற்றர் என்று கொண்டால், அதனைக் கடக்க ஒன்றரை மில்லிசெக்கன்கூடத் தேவையில்லை. புவிநிலைச் செய்மதி ஒன்றின் வழியே பேசுவதாயின் கதை வேறு: 36,000 கிலோமீற்றர் ஏறி, அவ்வளவே இறங்கவேண்டியிருப்பதால், கால் செக்கன் வழியிலேயே செலவாகிறது. அண்மைக் காலத்தில் 550 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கவிடப்பட்டுள்ள செய்மதிக் கூட்டங்களுக்கு இந்தத் தோஷமில்லை.

தாமதம் ஒருபுறமிருக்க, தாமதத்தின் ஏற்றத்தாழ்வு அதனினும் கொடிது. இருபது மில்லிசெக்கனுக்கு ஒன்றாகப் புறப்பட்ட பொதிகள், வழியிலுள்ள நெரிசலுக்கேற்ப, ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் வந்து சேருகின்றன. இதனைச் சமன் செய்யவே, தொலைபேசியின் உள்ளே பொதிகளைச் சிறிது நேரம் தேக்கி வைத்து ஒழுங்காக வெளியே விடும் ஒரு காத்திருப்பு இடம் அமைந்திருக்கிறது. மூதூருக்குப் புறப்படும் படகு குறித்த நேரம் வரை இறங்குதுறையில் காத்து நிற்பதுபோல், அதுவும் நாற்பது அறுபது மில்லிசெக்கன் காத்து நிற்கிறது. அதற்குள் வந்தவர் ஏறிக்கொள்ளலாம், பிந்தியவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் படகு போய்விடும். பிந்திவந்த பொதியைத் திரும்ப அனுப்பும்படி கேட்பதுமில்லை. கடிதத்தில் ஒரு சொல் விடுபட்டால் மீண்டும் வரவழைக்கலாம். பேச்சிலோ அரைச் செக்கன் கழித்து வந்த எழுத்துக்கு உபயோகமேது? ஆதலால் காணாமற்போன துண்டின் இடத்தை, அதற்கு முன்வந்த ஒலியைச் சற்றே நீட்டி, கருவி தானே நிரப்பிவிடுகிறது. நூற்றில் ஒன்றிரண்டு போனால் காது ஏமாந்துவிடும். தொடர்ச்சியாகப் போனால் குரல் நீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். காத்திருக்கும் நேரத்தை நெரிசலுக்கேற்பக் கூட்டிக் குறைக்கவல்ல தொலைபேசியே நல்லது. இன்று நாலு காசுக்கு மதிப்புள்ள கருவி யாவற்றிலும் இவ்வசதி உண்டு.

இந்த வித்தை நேற்று முளைத்ததன்று. 1974இலேயே, டேனி கோகன் என்பவரும் அவருடைய சகாக்களும், கலிபோர்னியாவிலுள்ள ஆய்வு நிலையமொன்றிலிருந்து மாசசூசெட்ஸ் வரையில், இணையத்தின் தாயாகிய ஆர்பாநெட் வழியே குரலைப் பொதிகளாக அனுப்பிப் பேசிப் பார்த்தனர். சாமானியர் கைக்கு அது வந்தது 1995இல், இஸ்ரேலிய நிறுவனமாகிய வொக்கல்டெக் வெளியிட்ட மென்பொருளின் மூலம்.

நெரிசலுக்குப் பரிகாரம் எளிது, செய்வார்தான் குறைவு. நல்ல மேசைத் தொலைபேசி தன் பொதிகள் ஒவ்வொன்றின்மேலும் 46 என்னும் முன்னுரிமைக் குறியைப் பொறித்தே அனுப்புகிறது. அந்தக் குறியை மதித்து, குரற்பொதியை வரிசையின் தலைக்குக் கொண்டுபோகும்படி கந்தோரின் ரவுட்டருக்குக் கட்டளையிட வேண்டும். குறியை இணையச் சேவையாளர் மதித்தாலும் மதிக்காவிட்டாலும் பெரிதில்லை. நெரிசல் மிகுவது பெரும்பாலும் நமது வாசற்படியிலேயே ஆகையால், அங்கே ஒழுங்கு செய்தால் போதும். இலவசமாகக் கிடைத்த ரவுட்டருக்கு இந்த விவேகம் இல்லாவிடில், தொலைபேசிகளில் ஒன்றின் விலையைக் குறைத்தாவது நல்ல ரவுட்டர் வாங்குவது புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

ரவுட்டரால் விளையும் மற்றொரு வியாதியும் உண்டு. அழைப்பைத் தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் தொலைபேசிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி எஸ்.ஐ.பி எனப்படுவது; 1999இல் முதல் வடிவமும், 2002 யூனில் இன்றுள்ள வடிவமும் வெளியாயின. இம்மொழியில் அழைப்போலை அனுப்பும் தொலைபேசி, 'என் குரலுக்கு மறுமொழியை இன்ன முகவரிக்கு அனுப்புக' என்று ஓலையின் உள்ளேயே எழுதிவிடுகிறது. கந்தோருக்குள் அதற்கு வழங்கப்பட்ட முகவரியோ உள்வீட்டு முகவரி, வெளியுலகில் செல்லாதது. ரவுட்டர் உறையின்மேலுள்ள முகவரியை மாற்றி அனுப்பினாலும், உள்ளே எழுதியிருப்பது பழையபடியே கிடக்க, எதிர்த் தரப்புக் கருவி அதை நம்பித் தன் குரலை இல்லாத ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். எதிர்த் தரப்பினருக்கு நாம் பேசுவது கேட்கும், நமக்கு அவர் பேசுவது கேட்காது. இதனைத் தானே திருத்துவதாகச் சொல்லிச் சில ரவுட்டர்கள் ஓலையின் உள்ளே கைவைக்கின்றன. பாதி திருத்திப் பாதி கெடுத்துவிடுவதால், அந்த உதவியை நிறுத்திவைப்பதே பெரும்பாலும் நலம். சேவையாளரிடமுள்ள, அழைப்புகளைப் பங்கிடும் மையப் பொறி, ஓலையில் கண்டதை விட்டு, பொதி உண்மையில் எங்கிருந்து வந்ததோ அங்கேயே மறுமொழி அனுப்பும் வழக்கமுடையதாயின் தொல்லை தீர்ந்தது. அழைப்பு ஒவ்வொன்றும் சரியாக 32 செக்கனில் அறுந்துபோனால் கருவியைக் கழற்றிக் குலுக்கவேண்டாம்: 'எடுத்துவிட்டேன்' என்று எதிர்முனை சொன்னதற்கு நமது பக்கத்திலிருந்து போன ஒப்புகை வழிதவறிவிட்டது என்றும், அதற்காகக் காத்திருக்கும் கெடு அந்த மொழியில் 32 செக்கன் என்றும் அறிந்துகொண்டு, ரவுட்டரிடமே போகவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம், பரிவர்த்தனை நிலையத்திலுள்ள பெரும் பற்றரிகளிலிருந்து, அதே இரட்டைக் கம்பி வழியாக 48 வோல்ட் அழுத்தத்தில் வந்துகொண்டிருந்தது. ஊர் முழுவதும் இருண்டு கிடந்தாலும் மணி ஒலிக்கும். இணையத் தொலைபேசிக்கோ கந்தோரின் மின்சாரமே கதி. அது நின்றால் கருவியும் ஊமை, ரவுட்டரும் ஊமை, சுவரிலுள்ள ஒளியிழைப் பெட்டியும் ஊமை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இதனைச் சாதாரணமாகக் கொள்ள முடியாது. ஒரு கதவு மூடினாலும் மற்றொன்று திறந்திருக்கிறது. வீதிகளிலே ஓடும் ஒளியிழை வலையமைப்பில், பரிவர்த்தனை நிலையத்துக்கும் கந்தோருக்கும் இடையே ஒளியைப் பிரித்தனுப்பும் பெட்டிகளுக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. அம்முனையில் நிலையத்தார் தமது பற்றரிகளைக் காப்பார்களாயின், இம்முனையில் நாம் நமதைக் காத்துக்கொண்டால் பேச்சு நடக்கும்.

அதற்கு உற்ற துணை, வலையமைப்புக் கேபிளின் வழியாகவே கருவிக்கு மின்சாரம் ஊட்டும் முறை. 2003இல் பிரமாணமான இம்முறையில், நடுவிலுள்ள சுவிட்ச் ஒவ்வொரு கேபிளிலும் 15.4 வாட் வரை செலுத்தும். நூறு மீற்றர் கேபிளின் தடையில் இழந்தது போக, 12.95 வாட் கருவிக்குக் கிட்டும் எனக் கணக்கு. எளிய மேசைத் தொலைபேசி உண்பது மூன்று நான்கு வாட்டுக்கு மேற்படாது. இதன் சௌகரியம் ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி மின்செருகி வேண்டாம் என்பதோடு முடிவதில்லை. சுவிட்ச், ரவுட்டர், ஒளியிழைப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே பற்றரியில் இணைத்துவிட்டால், ஐந்து மேசைகளும் உயிரோடிருக்கும். ஐந்து தொலைபேசிக்கு 15 முதல் 20 வாட், மற்றவை மூன்றுக்கும் சேர்த்து 20 அல்லது 25 வாட், ஆக ஏறத்தாழ 40 வாட். கணினிக்கென்று விற்கும் சிறு யு.பி.எஸ் பெட்டியிலுள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பற்றரியில் அடங்கியிருப்பது 84 வாட்-மணியே. மாற்றத்தில் போகும் நஷ்டத்தையும் கழித்தால், ஒரு மணி நேரத்துக்கே அது தாங்கும். நூறு ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்றைப் பாதிக்குமேல் வடிக்காமல் பயன்படுத்தினாலும் பத்து மணி நேரத்தை எட்டலாம். திரை அகன்று, வர்ணம் காட்டி, படமும் காட்டும் தொலைபேசிகள் இந்தக் கணக்கை எவ்வளவு கெடுக்கும் என்பதை வாங்குமுன் யோசிக்கவேண்டும். அப்படியும் ஒரு நாள் யாவும் அணைந்துபோகும். ஆகையால் 119, 1990 ஆகிய அவசர இலக்கங்களுக்கு எந்தக் கைபேசியில் அழைப்பது என்று கந்தோரிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

துறைமுகத்துக்கே உரிய பகைவன் ஒருவனும் இருக்கிறான், அவன் உப்பு. கடற்காற்று கொண்டுவந்து படிக்கும் உப்புத்தூள், காற்றின் ஈரப்பதன் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டிய மாத்திரத்தில், தானே நீரை இழுத்துக் கரைந்து, மின்கடத்தும் மெல்லிய திரவப் படலமாகிவிடுகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த எல்லை இரவு பகலாகத் தாண்டப்படுகிறது. கச்சான் காலத்தில் பகல் வறண்டிருந்தாலும் பின்னிரவில் ஈரம் ஏறிவிடும். கேபிளின் முனையிலுள்ள பளிங்கு நிறச் செருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுச் செப்புக் கலப்புலோகத் தகடுகள், அவற்றின்மேல் பொன்முலாம். நல்ல செருகியில் அம்முலாம் ஏறத்தாழ 1.27 மைக்ரோன் தடிப்பு. மலிவானதில் பொன்னின் நிழல் மட்டும். முலாம் தேய்ந்த இடத்தில் உப்புப் படலம் புகுந்தால் பச்சை பூக்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகியை இழுத்துப் பிடுங்கினால் எழும் நுண்ணிய தீப்பொறியும் அந்த முலாமைத் தின்னும். ஆதலின், சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுவதே முறை. விசைப்பலகையின் ரப்பர்ப் பொத்தான்களுக்கு அடியில் இருப்பவை கரிய நிறக் கரி வில்லைகள். ஈரமும் தூசும் சேர்ந்து அவற்றின் தொடுகையைக் கெடுப்பதாலேயே, ஐந்தை ஒருமுறை அழுத்தினால் இருமுறை விழுவதும், விழாமலே போவதும். கடலைப் பார்த்த சன்னலோரம் தொலைபேசிக்கு ஏற்ற இடமன்று.

ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் வரும் இடிமின்னலுக்கும் ஒரு சொல். வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பி மின்னலின் தூண்டலை உள்ளே அழைத்துவரும். கண்ணாடியாலான ஒளியிழை அழைத்துவராது. கந்தோருக்கும் முற்றத்துக்கு அப்பாலுள்ள களஞ்சியத்துக்கும் இடையே செப்புக் கேபிளை இழுத்துத் தொலைபேசி வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. இரு கட்டடங்களின் நிலமின்னழுத்தமும் மின்னல் வேளையில் வேறுபடுவதால், அந்தக் கேபிள் இரு முனையிலும் கருவிகளைக் கொல்லும். அவ்விடத்தில் ஒளியிழைத் துண்டொன்றோ கம்பியில்லா இணைப்போ போடுவதற்குச் சிறிது அதிகம் செலவழித்தால் தகும்.

இவ்வளவும் ஒழுங்காகிய பின், கருவியைத் தெரிந்தெடுப்பது அரை மணி நேர வேலை. சியாமென் நகரத்து யீலிங்க், பொஸ்டன் நகரத்து கிராண்ட்ஸ்ட்ரீம், சென்சென்னின் ஃபான்வில், பெர்லினின் ஸ்நோம் ஆகியோர் எஸ்.ஐ.பி என்னும் பொதுமொழியைப் பேசும் கருவிகளையே செய்கின்றனர். சேவையாளர் மாறினாலும் தொலைபேசி கையிலேயே இருக்கும். சிஸ்கோவின் சில வகைகளோ அந்நிறுவனத்தின் சொந்த மையப் பொறியோடு சேர்ந்து இயங்கவே அமைக்கப்பட்டவை. வெளிநாட்டுப் பெருங்காரியாலயங்கள் கழித்துவிட்ட அவை மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கிவிட்டுப் பின்னர் விழிப்பதில் பயனில்லை. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் பெற்றதா என்பதையும் விற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். ஐவர் உள்ள கந்தோரில் நால்வருக்கு இரண்டு தடங்கள் உள்ள எளிய கருவி போதும். வாசலில் அழைப்பை ஏற்றுப் பங்கிடுபவருக்கு மட்டும், எவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று விளக்கெரிந்து காட்டும் பொத்தான் வரிசை உள்ளதாக ஒன்று. கணினிக்குப் போகும் கேபிள் தொலைபேசியின் முதுகு வழியாகவே போவதாயின், அந்த வழி நூறு மெகாபிட்டில் நின்றுவிடுகிறதா, ஆயிரத்துக்கு விடுகிறதா என்று பார்க்கவேண்டும். காதுக்கருவி செருகுமிடம் அவசியம். காதுக்கும் தோளுக்கும் இடையே கைப்பிடியை இடுக்கிக்கொண்டு நாள் முழுதும் எழுதுபவரின் கழுத்து இதற்கு நன்றி சொல்லும். கம்பியில்லா வைஃபை தொலைபேசி என்னும் மோகம், மேசையை விட்டு நகராத ஒரு கருவிக்கு ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

அழைப்புகளைப் பங்கிடும் மையப் பொறியைத் தானே வைத்துக்கொள்வதா, ஸ்ரீலங்கா ரெலிகொம், டயலொக் போன்ற சேவையாளரிடமிருந்து வாடகைக்குப் பெறுவதா என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மார்க் ஸ்பென்சர் என்னும் இளைஞர், தமது சிறு வியாபாரத்துக்கு அத்தகைய பொறி வாங்கப் பணமில்லாமல், 1999இல் தாமே எழுதி யாவருக்கும் இலவசமாக விட்ட ஆஸ்டரிஸ்க் என்னும் மென்பொருள், இன்று உள்ளங்கையளவு கணினியிலும் ஓடுகிறது. தானே வைத்துக்கொண்டால், வெளியிணைப்பு அறுந்த நாளிலும் மேசைக்கு மேசை பேசலாம். ஆனால் அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் கந்தோரிலேயே இருக்கவேண்டும்; கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டிய ஊரில், அப்படி ஒருவர் இல்லாத கந்தோர் வாடகைக்குப் பெறுவதே உசிதம். தொலைநகல் இயந்திரம் இன்னும் இருக்குமாயின், அதனைக் குரற்பொதிகளின் வழியே ஓட்டிப் பார்க்கவேண்டாம். ஒரு பழைய செப்பு இணைப்பை அதற்கென்றே விட்டுவைக்கலாம்.

கடைசியாக, திருட்டு. இணையத்தில் நேரடியாகத் தெரியும் எந்த எஸ்.ஐ.பி கருவியையும், உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவரின் கணக்கினுள்ளே நுழைந்து, நிமிடத்துக்குப் பெருந்தொகை அறவிடப்படும் தூரதேச இலக்கங்களுக்கு இரவு முழுதும் அழைத்து, அந்தக் கட்டணத்தில் பங்கு பெறுவது அந்நிரல்களை ஏவுபவர்களுடைய தொழில். சனிக்கிழமை மாலை தொடங்கித் திங்கள் காலை வரை நடந்தால் எவருக்கும் தெரியாது. கட்டணப் பட்டியல் மட்டும் நமது பெயருக்கு வரும். வெளிநாட்டு அழைப்பை அடியோடு தடுத்துவிடும்படி பிற வியாபாரிகளுக்குச் சொல்லலாம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நள்ளிரவில் அழைக்கவேண்டிய கப்பல் முகவருக்கு அது பொருந்தாது. ஆகவே அவர் சேவையாளரிடம் மூன்றை எழுத்தில் கேட்கவேண்டும்: தாம் அழைக்கும் நாடுகளின் பட்டியல் தவிர ஏனையவை அடைக்கப்படல், மாதச் செலவுக்கு ஓர் உச்ச எல்லை, ஒரே கணக்கில் ஒரே வேளையில் இரண்டுக்கு மேற்பட்ட வெளிநாட்டு அழைப்புகள் எழும்பாமற் கட்டுப்படுத்தல். கருவி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறான நீண்ட கடவுச்சொல்லை இட்டு, தொலைபேசியின் நிருவாகப் பக்கம் வெளியுலகுக்குத் திறந்திராதபடி ரவுட்டரில் மூடிவிட்டு, அக்கடவுச்சொற்களைத் தாளில் எழுதிப் பணப்பெட்டிக்குள் வைக்கலாம். தொலைபேசியின் அடியில் ஒட்டிவைக்கக்கூடாது.